கிடையும் கிடாயும்



அழைப்பிதழில் 'வறண்ட நிலக் கால்நடை மேம்பாடு' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். மேம்பாடு என்ற சொல் காதில் விழுந்தாலே கிடைக்காரர்கள் ஓர் அடி தள்ளி நிற்பார்கள். அந்தச் சொல்லோடு ஒரு ஜீப்பும், மூன்று படிகளில் நிரப்ப வேண்டிய ஒரு படிவமும் வரும் என்பது அவர்கள் அனுபவம். ஆகையால் தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். கிடை என்ற செம்மறி மந்தையைப் பற்றியும் கிடாயைப் பற்றியும் பேசுகிறேன். முன்னது ஆரோக்கியம், பின்னது இனவிருத்தி.

நான் கால்நடை மருத்துவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு மருந்தகத்தில் இருந்தேன். ஒரு மாசி மாதம், குளிர்பெட்டியில் ஊசிமருந்தை அடுக்கிக்கொண்டு, ஆயிரம் செம்மறிக்கு மேல் இருக்கும் என்று பதிவேடு சொன்ன ஓர் ஊருக்குப் போனேன். ஊரில் செம்மறி ஒன்றுகூட இல்லை. திண்ணையில் ஒரு பாட்டியம்மாவும், கட்டிப்போட்ட நாலைந்து வெள்ளாடும் இருந்தன. பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தை பொறந்தா எங்க ஆளுக தஞ்சாவூருப் பக்கம் போயிருவாகய்யா. நீங்க மாசியில வந்து நின்னா, ஊசிய எனக்குத்தான் போடணும்."

மருந்தைத் திருப்பி எடுத்து வந்தேன். அந்த ஆண்டு நான் அனுப்பிய அறிக்கையில் 'பயனாளிகள் ஊரில் இல்லை' என்று எழுதியதாக நினைவு. உண்மையில் ஊரில் இல்லாதவன் நான்தான். அவர்களுடைய நாட்காட்டி எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்காட்டி இப்படி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். அப்போது இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் சீமையில் தரிசிலும் கண்மாய்க் கரையிலும் புல் இருக்கும். கிடை ஊரை ஒட்டி இருக்கும். தை, மாசியில் காவிரிக் கடைமடையில் சம்பா அறுவடை முடியும். அறுத்த தாளில் மேயவும், வயலில் கிடை போட்டு எரு கொடுக்கவும் கீதாரிகள் கிழக்கேயும் வடக்கேயும் நடப்பார்கள். எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, என்ன கூலி என்று நிலக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவார்கள். முன்பெல்லாம் கூலி நெல்லாக வரும், இப்போது பணம். ஆற்றில் தண்ணீர் திறந்து குறுவைக்கு உழவு தொடங்கினால் அங்கே கிடைக்கு இடமில்லை. திரும்ப வேண்டியதுதான். குட்டிகளைக் கூட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தது போய், இன்று தாயும் குட்டியும் சரக்கு வண்டியில் ஏறுகின்றன. மற்றபடி வழி அதே வழி.

கீதாரி என்பவர் மேய்ப்பவர் மட்டும் அல்லர். பல வீட்டு ஆடுகளைச் சேர்த்து ஒரே கிடையாக நடத்தும் நிர்வாகி அவர். எந்த ஆடு யாருடையது என்று காதின் வெட்டைப் பார்த்துச் சொல்வார். எந்தக் கண்மாயில் தண்ணீர் எப்போது வற்றும் என்பதும், எந்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார் என்பதும் அவருக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்று நாம் சொல்லித்தர என்ன இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அது நாம் வழக்கமாகச் சொல்வது அல்ல.

முதலில் நோய்.

விழுப்புரம் அருகே அரசூர் என்ற ஊரை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தாண்டியிருப்பீர்கள். 1987இல் அங்கே செம்மறி ஆடுகளுக்குக் கடும் காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், பிறகு கழிச்சல் கண்டது. ஆடுகள் செத்தன. அதுவரை இப்படி ஒரு நோய் வந்தால் மாட்டுக்கு வரும் வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் தாவிவிட்டது என்று எண்ணுவது வழக்கம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஷைலாவும் உடன் ஆய்ந்தவர்களும், இது வெக்கையின் உறவுக்கார வைரஸ், ஆனால் வேறு வைரஸ் என்று 1989இல் எழுதினார்கள். அதுதான் ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அரசூரில்தான். அதற்கு முன்பே 1942இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் அதைப் பார்த்திருக்கிறார்கள். அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பின்னாளில் ஒரு தடுப்பூசியும் செய்தது. அதன் வித்துக்குப் பெயர் 'அரசூர் 87'. ஒரு சின்ன ஊர் தன் பெயரை ஆயிரமாயிரம் ஆட்டின் தோலுக்கடியில் எழுதிவைத்திருக்கிறது.

அந்த ஊசி நல்ல ஊசி. ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். உலக நாடுகள் 2030க்குள் இந்த நோயை ஒழிப்பது என்று 2015இல் குறி வைத்ததற்கு ஊசியின் இந்தப் பலமும் ஒரு காரணம். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. வெயில் பட்டால் கெடும். கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். மூன்றாவதாக ஒரு சங்கடம், அது ஊசியின் குற்றம் அல்ல. மூன்று, நான்கு மாதம் ஆகாத குட்டிக்குத் தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் இருக்கும். அப்போது ஊசி போட்டால் அந்தச் சக்தியே ஊசியை முறித்துவிடும். மார்கழியில் பிறந்த குட்டிக்குச் சித்திரையில்தான் ஊசி பலிக்கும். சித்திரையில் கிடை எங்கே? மன்னார்குடிப் பக்கமோ திருத்துறைப்பூண்டிப் பக்கமோ ஒரு வயலில். அந்த ஊர் மருந்தகத்தின் கணக்கில் அந்த ஆடு இல்லை. சொந்த ஊர் மருந்தகத்தின் கணக்கில் ஆடு இருக்கிறது, ஊரில் இல்லை. இரண்டு கணக்குக்கும் நடுவே குட்டி சாகிறது. இதில் யார்மேலும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நானே மாசியில் போய் நின்றவன்.

இதே சிக்கலை இதைவிடக் கடினமான இடத்தில் தீர்த்திருக்கிறார்கள். வெக்கை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1880களின் இறுதியில் அது செங்கடல் கரையில் இறங்கி ஆப்பிரிக்காவுக்குள் பரவியபோது, எத்தியோப்பியாவில் மாடுகள் அழிந்து, உழ மாடில்லாமல் மக்கள் பட்டினியில் மாண்டார்கள். நம் பக்கம் அந்த நோயை முன்னிட்டு 1893இல் ஓர் ஆய்வுக்கூடத்தை இமயமலையில் முக்தேசருக்குக் கொண்டுபோனார்கள். நோய் வெளியே தப்பாதபடி மலைமேல் தனியாக வைத்தார்கள். பிறகு கென்யாவில் வால்டர் பிளோரைட் திசு வளர்ப்பு முறையில் பத்திரமான தடுப்பூசி ஒன்றைச் செய்தார். ஊசி வந்துவிட்டதால் நோய் போய்விடவில்லை. எத்தியோப்பியாவின் அஃபார், உகாண்டாவின் கரமோஜா, தெற்குச் சூடான் போன்ற நாடோடி மேய்ப்பர் நிலங்களில் அது பதுங்கிக்கொண்டது. அங்கே சாலை இல்லை, ஐஸ் இல்லை, துப்பாக்கி மட்டும் உண்டு.

அந்தக் கடைசி மைலைக் கடக்க இரண்டு காரியங்கள் செய்தார்கள். ஜெஃப்ரி மரினரும் மற்றவர்களும் அதே ஊசியை உறைய வைத்து உலர்த்தும் முறையைத் திருத்தி, குளிர்பெட்டி இல்லாமலே ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும்படி செய்தார்கள். அதைவிடப் பெரியது இரண்டாவது. மேய்ப்பர்களே தங்களுக்குள் ஆள் பார்த்துக் கொடுத்தார்கள், அந்த ஆட்களுக்கு மருத்துவர்கள் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவர் போக முடியாத இடத்தில் மந்தையோடு நடக்கிறவர் ஊசி போட்டார். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தென்பட்டது 1995இல், நம் வட ஆர்க்காட்டில். உலகில் கடைசியாக 2001இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடம். 2011இல் உலகை விட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது. பெரியம்மையை மறக்காத நாம் இதை மறந்துவிட்டோம். மாட்டு நோய்தானே என்று நினைத்திருப்போம்.

ஆட்டுக்கொல்லிக்கும் இதே வழிதான். கிடையில் ஓர் இளைஞர் கற்றுக்கொள்ளட்டும். மருத்துவர் மேற்பார்வை இருக்கட்டும். சட்டம் எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவுக்குள் இதைச் செய்ய முடியும். முடியாத இடத்தில் சட்டத்தையும் கொஞ்சம் நகர்த்தத்தான் வேண்டும். 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் நடமாடும் மருத்துவ வண்டி வருகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் கூப்பிடுகிறவருக்குத் தான் நிற்கும் வயலின் பெயர் தெரிய வேண்டும். வழிப்போக்கருக்கு அது எளிது அல்ல.

இனி நாட்காட்டியோடு வரும் மற்ற நோய்கள். மழைக்குப் பின் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த ஆடு, முந்தைய நாள்வரை துள்ளியது, காலையில் செத்துக் கிடக்கும். துள்ளுமாரி. குடலில் எப்போதும் இருக்கும் ஒரு கிருமி, திடீர்த் தீனியில் பெருகி நஞ்சு கக்குவதால் வருவது. மழைக்கு முன் ஊசி போட வேண்டும். மழைக்காலத்திலேயே நீலநாக்கு நோயும் வரும். கொசுவைவிடச் சின்ன ஒரு பூச்சி கடித்துப் பரப்புவது. 1997, 98இல் தமிழ்நாட்டுக் கிடைகளை அது போட்டு எடுத்தது. பிறகு அந்த வைரஸின் ஐந்து வகைகளுக்குச் சேர்த்து ஒரு தடுப்பூசி வந்தது. பிறகு டெல்டாவின் பரிசு ஒன்று இருக்கிறது. வாய்க்கால் ஓரத்து நத்தை வழியே வரும் தட்டைப்புழு. வறண்ட நிலத்து ஆட்டுக்கு அந்த ஈரம் பழக்கமில்லாதது. அதற்கென்று தனி மருந்து உண்டு. ஆனால் கடையில் போய்ப் 'பூச்சி மருந்து' என்று கேட்டால் பெரும்பாலும் ஆல்பெண்டசோல்தான் கைக்கு வரும்.

ஆல்பெண்டசோல் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஒரு புட்டியில்தான் நம் அவசரம் முழுவதும் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது. வருடம் தவறாமல், எடை பார்க்காமல், எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி அளவு. எடை குறைந்த ஆட்டுக்குக் கூடுதல், கனத்த ஆட்டுக்குக் குறைவு. குறைவான மருந்தில் சாகாத புழு பிழைத்து முட்டையிடுகிறது, அதன் வாரிசுக்கு மருந்து உறைக்காது. சினை பிடித்த முதல் மாதத்தில் கொடுத்தால் கரு ஊனமாகும் ஆபத்தும் இருக்கிறது. இதைச் சொன்னால் ஒரு கீதாரி என்னிடம் கேட்டார்: "அப்ப எந்த ஆட்டுக்குக் கொடுக்கணும்னு எப்படித் தெரியும் டாக்டரய்யா?"

கேட்டவர் ஏற்கெனவே பதிலை விரல் நுனியில் வைத்திருந்தார். ஆட்டைப் பிடித்துக் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். வெளுத்திருந்தால் 'இதுக்கு ரத்தமில்ல' என்பார். இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஒரு புழுதான் அந்த வெளுப்புக்குக் காரணம். முற்றினால் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். தென்னாப்பிரிக்காவில் மலான் என்ற மருத்துவர் இதே இமை நிறத்தை ஐந்து படிகளாக வண்ணம் போட்ட அட்டையாக்கினார். அதற்கு அவர் பெயரை ஒட்டியே ஃபமாச்சா என்று பெயர். சிவப்பு இமைக்கு மருந்து வேண்டாம். வெளுத்த இமைக்கு மட்டும் மருந்து. இப்படிச் செய்தால் மந்தையில் பாதிக்கு மேல் மருந்தே தேவைப்படாத காலங்கள் உண்டு. மருந்து படாத புழுக்களும் கொஞ்சம் மிஞ்சும். அது நல்லது. மருந்துக்கு அடங்கும் புழுக்கள் அவை, எதிர்த்து நிற்கிற புழுக்களோடு கலந்து அவற்றை நீர்த்துப்போகச் செய்யும்.

இந்த இமைதான் என்னை இரண்டாம் பகுதிக்குக் கொண்டுபோகிறது. ஒரே கிடை, ஒரே மேய்ச்சல், ஒரே புழு. ஏன் சில ஆடுகளுக்கு மட்டும் இமை சிவந்தே இருக்கிறது?

கென்யாவில் மசாய் மக்களிடம் செம்மறி இனம் ஒன்று உண்டு. சிவப்பு நிறம், கொழுத்த வால், உருவம் சிறிது. தென்னாப்பிரிக்காவிலிருந்து டோர்ப்பர் என்ற பெரிய இறைச்சி இனம் வந்ததும் கலப்பு தொடங்கி, 1970களிலிருந்து கட்டுப்பாடில்லாமல் போனது. குட்டி பெரிதாக வந்தது, சந்தையில் விலை வந்தது. பிறகு ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஈரம் மிகுந்த கடற்கரையில், புழு அடர்ந்த இடத்தில், சிவப்பு மசாய் ஆடு பிழைத்தது, டோர்ப்பர் குட்டிகள் ஏராளமாய்ச் செத்தன. வறண்ட, புழு குறைந்த இடத்தில் வித்தியாசம் சிறிது. ஆகவே எது நல்ல ஆடு என்ற கேள்விக்கு ஆட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. எந்த ஊரில், எந்த மாதத்தில் என்றும் கேட்க வேண்டும்.

நம்மிடமும் அப்படி ஆடுகள் இருக்கின்றன. உயரமாய், நீண்ட காலோடு நடக்கும் வேம்பூர் ஆடு, ஊரில் அதைப் பொட்டு ஆடு என்பார்கள். கருநிறம் தோய்ந்த கீழக்கரிசல். இராமநாதபுரம் வெள்ளை. செவ்வாடு. மதுரைப் பக்கம் கச்சைகட்டி கருப்பு. தோலுக்குப் பேர்போன மேச்சேரி. இவை எல்லாம் பதிவு பெற்ற இனங்கள். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் செம்மறிகள் சுமார் 45 லட்சம். அவற்றில் சுத்த இனம் எவ்வளவு, கலந்தது எவ்வளவு என்பது வேறு கதை.

நான் ஒரு காலத்தில் நினைத்தது: நல்ல இனக் கிடாய் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கிடை தானாக உயரும் என்று. மாட்டுக்குப் போல ஆட்டுக்குச் சினை ஊசியும் சுலபமில்லை. பெட்டையாட்டின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாய் முறுக்கிக்கொண்டிருக்கும், உறைவிந்தை உள்ளே செலுத்துவது கடினம். ஆகவே கிடாயே நடந்துபோக வேண்டும். போனது. போன சில கிடாய்கள் ஒரு வருடத்தில் விருந்தில் முடிந்தன. நாம் கோபித்துக்கொண்டோம். கணக்குப் பார்த்தவர் நம்மில் யாரும் இல்லை.

கணக்கு இதுதான். ஒரு கிடையில் பல வீட்டு ஆடுகள். நன்றாக வளரும் கிடாய்க்குட்டி மூன்று, நாலு மாதத்திலேயே கண்ணில் படும். வியாபாரிக்கும் அதுதான் படும். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்திலோ, ஆடிக் கோயில் கொடைக்கோ, பக்ரீதுக்கோ நல்ல விலை பேசுவார். உடையவருக்குப் பணம் வேண்டும், கொடுத்துவிடுவார். மிஞ்சுவது வளர்ச்சி குறைந்த, சளி பிடித்த, வியாபாரி தள்ளிவிட்ட குட்டி. இரண்டு வருடம் கழித்து அதுவே கிடையின் பொலிகிடாய். இருபது, இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடாய் என்பது விதி, அந்த ஒன்று இதுவாகிறது. அதையே நாலைந்து வருடம் வைத்திருந்தால் தன் மகள்களோடே சேரும். குட்டி சிறுக்கும், சாவு கூடும்.

நல்லதை வெட்டி, நலிந்ததை விதைக்கிறோம். விவசாயி யாரும் விதைநெல்லை இப்படி எடுக்க மாட்டார். கீதாரிக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் கிடாய் ஒருவருடையது, அது போடும் குட்டி எல்லாருடையது. ஒருவர் விற்காமல் வைத்தால் இழப்பு அவருக்கு, லாபம் ஊருக்கு. நாம் மரபணுச் சிக்கல் என்று நினைத்தது உண்மையில் உடைமைச் சிக்கல்.

எத்தியோப்பியாவில் 2009 முதல் சில ஊர்களில் இதைச் சரியான முனையில் பிடித்தார்கள். வெளியினக் கிடாய் எதுவும் கொண்டுவரவில்லை. மென்ஸ், போங்கா போன்ற உள்ளூர் இனங்களிலேயே, குட்டியின் எடையைக் குறித்துவைத்தார்கள். தாய் எத்தனை ஈற்றில் எத்தனை குட்டி பிழைக்க வைத்தது என்றும் எழுதினார்கள். குறிப்பிட்ட நாளில் ஊர்ப் பெரியவர்கள் முன் கிடாய்க்குட்டிகளை நிறுத்தி, எண்ணும் கண்ணும் சேர்த்துத் தேர்ந்தார்கள். தேர்ந்த குட்டிக்கு உடையவரிடம் வளர்ப்போர் சங்கத்தின் சுழல்நிதியிலிருந்து சந்தை விலை கொடுத்து விற்பனையை நிறுத்தினார்கள். கிடாய் பொதுவானது. வேலை முடிந்ததும் விற்று, பணம் நிதிக்குத் திரும்பும்.

நம் கிடைக்கு இது புதிதே அல்ல. காவலுக்கு முறை வைக்கிறார்கள், கூலியைப் பங்கு பிரிக்கிறார்கள். கிடாயையும் அப்படிப் பங்கு வைக்கலாம். பக்கத்துக் கிடையோடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் மகளோடு சேரும் தொல்லையும் போகும். தேர்வு செய்யும்போது உடம்பை மட்டும் பார்க்க வேண்டாம். கால் எப்படி நடக்கிறது, விதை இரண்டும் ஒத்த அளவில் திரண்டு கைக்குக் கெட்டியாய் இருக்கிறதா, போன கோடையில் தாயின் இமை எப்படி இருந்தது என்றும் பாருங்கள்.

இரட்டைக்குட்டி பற்றி எப்போதும் ஒரு கேள்வி வரும். மகாராஷ்டிரத்தில் பல்டண் என்ற ஊரில் நிம்ப்கர் விவசாய ஆய்வு நிறுவனத்தார், சுந்தரவனத்துச் சிறு கரோல் ஆட்டில் இருக்கும் இரட்டைப்பேற்று மரபணுவை, தனகர் மேய்ப்பர்களின் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்தார்கள். உருவம் தக்காணி, குட்டி எண்ணிக்கை கரோல் பக்கம் சாய்ந்தது. ஆனால் மூன்று, நாலு குட்டி போடும் ஆடு நமக்கு வேண்டாம். பால் ஊட்ட முடியாத குட்டியைப் பெறுவது வளர்ச்சி அல்ல. நடக்கும் கிடையில் இரட்டை, தண்ணீர் உள்ள ஆண்டில் வரவு, வறண்ட ஆண்டில் இரண்டும் செலவு. மசாய் மேய்ப்பர்கள் கிடாய்க்குத் தோல் மறைப்புக் கட்டி, குட்டி மழையோடு பிறக்கும்படி செய்வார்கள். ஐந்து மாதச் சினை என்ற ஒரே கணக்கு. நம்மூரில் ஆடியில் சேர்ந்தால் மார்கழியில் ஈற்று, புல் இருக்கும் காலம். இரட்டைக்கு ஆசைப்படுகிறவர் முதலில் கிடாயைக் கட்டிப்போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் மேய்ச்சல் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கண்மாய் உள்வாயில் சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது. அதன் காய் கோடைக்குத் தீனி என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், கீதாரிகள் அதை முழுக்க வெறுப்பதில்லை. தரிசு பிளாட்டாகிறது, வேலி விழுகிறது. 2026ஐ ஐக்கிய நாடுகள் சபை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை ஒட்டியாவது வலசைப் பாதையை ஒரு வரைபடத்தில் குறித்து, பாதை நெடுக உள்ள மருந்தகங்களுக்கு ஒரு பிரதி அனுப்பலாம். கிடை எந்த மாதம் எந்த ஊரில் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, முதுகுளத்தூர்த் திண்ணைப் பாட்டியிடம் கேட்டால் போதும்.

நேரம் ஆகிவிட்டது. வெளியே தாழ்வாரத்தில் ஒரு கிடாயும் மூன்று பெட்டையும் கட்டியிருக்கிறார்கள். யாருடையது என்று கேட்காதீர்கள், விலை பேசத் தொடங்கிவிடுவீர்கள். இமையை எப்படி இழுப்பது, எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்று காட்டுகிறேன். வெயில் இறங்குமுன் வாருங்கள், விளக்கு வெளிச்சத்தில் எல்லா இமையும் சிவப்பாகத்தான் தெரியும். கை கழுவ வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறது.